நீர் முதலில், சொல் பிறகு



பட்டமளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் வாழ்க்கையின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுவதே சம்பிரதாயமாக இருக்க, அதன் முடிவைப் பற்றிப் பேச நான் துணிந்தது உங்களிற் சிலருக்கு அபசகுனமாகப் படலாம். ஆயினும் அந்தப் பழியில் பாதி உங்கள் ஊரைச் சாரும். இராவணனை மறித்துச் சிறகிழந்து வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமபிரான் அந்திமக் கிரியைகளைச் செய்த இடம் இது என்னும் ஐதிகத்தினால், புள்ளுக்குக் குழி அமைந்த ஊர் திருப்புட்குழி என்றே பெயர் பெற்று, விஜயராகவப் பெருமாள் கோயிலையும் ஜடாயு தீர்த்தத்தையும் தன்னிடத்தே கொண்டு, 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாக விளங்குகிறது. ஜடாயுவின் கிரியை தங்கள் ஊரிலேதான் நடந்தது என்று உரிமை கொண்டாடும் தலங்கள் வேறும் உண்டு. அந்த வழக்கை இன்று நாம் தீர்க்க வேண்டியதில்லை.

அந்தக் கதையில் என் மனத்தைப் பிணித்தது கிரியையன்று, அதற்கு முந்திய நாழிகை. பெற்ற தந்தையின் உயிர் பிரிந்தபோது அருகிலிருக்கக் கொடுத்துவைக்காத ஒரு மகன், காட்டிலே குற்றுயிராய்க் கிடந்த ஒரு கழுகின் பக்கத்தில் அமர்கிறான். அதுவோ, சொல்ல வேண்டிய செய்தியைச் சொல்வதற்கு உரியவன் வரும்வரை பிராணனைப் பிடித்துவைத்திருக்கிறது. இதைக் கவிகளின் கற்பனை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். மரணத் தறுவாயில் இருப்போரைப் பேணும் ஓர் இல்லத்தில் வாரம் இரண்டு நாள் தொண்டனாகப் போகத் தொடங்கிய பிறகு, இன்று இரவு தாண்டாது என்று மருத்துவர் சொல்லிய உயிர், வெளியூரிலிருந்து மகள் வந்து சேரும்வரை இரண்டு நாள் காத்துக் கிடந்ததைக் கண்ணால் கண்டேன்.

நான் மருத்துவன் அல்லன். என் வேலை மிகச் சிறியது: உலர்ந்த உதட்டைப் பஞ்சினால் நனைப்பது, படுக்கைப் புண் வராதபடி இரண்டு மணிக்கொரு தரம் ஒருக்களித்துப் படுக்க வைப்பதற்குத் தாதிக்குக் கை கொடுப்பது, துணி மாற்றுவது, மற்ற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. ஆனால் முதல் மாதத்தில் இந்த அளவோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. பௌத்த நூல்கள் சிலவற்றைப் படித்து, பத்து நாள் மௌன முகாம் ஒன்றிலும் இருந்து திரும்பியிருந்த நான், புற்றுநோயால் வாடிய ஓர் அம்மையாரின் கட்டிலருகே அமர்ந்து, அநித்தியத்தைப் பற்றியும் பற்றறுத்தலைப் பற்றியும் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், கேட்டு முடித்தபின், "அதெல்லாம் சரி தம்பி, இந்தக் காலைக் கொஞ்சம் அமுக்கி விடறியா?" என்றார். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

என் பிழை இன்னதென்று பின்னர் ஒரு பழைய நூலே எனக்குக் காட்டிற்று. விநய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. வயிற்றுப்போக்கினால் நைந்து, தன் மலத்திலேயே புரண்டு கிடந்த ஒரு பிக்குவை, அவரால் தங்களுக்கு யாதொரு பயனும் இல்லை என்று சக பிக்குகள் கைவிட்டிருக்க, அவ்வழியே வந்த புத்தர் பெருமான் தம் சீடர் ஆனந்தரை நீர் கொண்டுவரச் செய்து, தாமே நீரை வார்க்க ஆனந்தர் உடலைக் கழுவ, தலைப்பக்கம் தாமும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் அருகில் இல்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்று கேட்டதும், தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயுற்றவனுக்கு அதைச் செய்யட்டும் என்று பணித்ததும் அதன் பின்னரே. நோயாளியைப் பேணுவோனுக்கு அவர் வகுத்த இலக்கணம் ஐந்து. மருந்து கூட்டத் தெரிய வேண்டும். உடலுக்கு ஒத்தது எது, ஒவ்வாதது எது என்று அறிய வேண்டும். ஆதாயத்தை நாடாமல் அன்பினால் செய்ய வேண்டும். மலம், சிறுநீர், எச்சில், வாந்தி இவற்றை எடுக்க அருவருக்கலாகாது. உரிய வேளையில் தர்மத்தைச் சொல்லித் தேற்றவும் வல்லவனாக இருக்க வேண்டும். தர்மோபதேசம் ஐந்தாவது இடத்தில் நிற்பதைக் கவனியுங்கள். நானோ ஐந்தாவதிலிருந்து ஆரம்பித்திருந்தேன்.

இவையெல்லாம் வடநாட்டுச் செய்திகள், நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். 7ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட இந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாகக் குறித்துச் சென்றார். நாலந்தாவின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். சாத்தனாரின் மணிமேகலையும் அமுதசுரபியுடன் இக்காஞ்சிக்கு வந்தே பசிப்பிணி தீர்த்தாள். சமயத்தின் பெயர் மாறிய காலத்திலும் பணி மாறவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் பொறிப்பித்த கல்வெட்டு, வேதமும் வியாகரணமும் பயிலும் கல்விச்சாலையோடு பதினைந்து கட்டில் கொண்ட ஓர் ஆதுலர் சாலையையும் குறிக்கிறது. அங்கே மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், பணிவிடைப் பெண்கள் இருவர். அவரவர்க்குரிய நெல்லும் காசும், இரவு விளக்குக்கு எண்ணெயும் அதில் எழுதப்பட்டுள்ளன. படிப்பும் படுக்கையும் ஒரே கல்லில் இடம்பெற்ற மாவட்டம் உங்களுடையது.

மூச்சைக் கவனிக்கும் பயிற்சியாகிய ஆனாபானசதிக்கும் மலப்பாத்திரம் எடுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நெருங்கிய சம்பந்தமே உண்டு. சாகும் நிலையில் உள்ளவரின் சுவாசம் விரைந்து, ஆழ்ந்து, பின் தேய்ந்து, அரை நிமிஷம் அடியோடு நின்று, மீண்டும் தொடங்கும். அந்த அரை நிமிஷத்தில் பக்கத்தில் இருப்பவனுக்கு எழுந்து ஓடவோ, யாரையேனும் கூப்பிடவோ, எதையாவது பேசவோ தோன்றும். தன் மூச்சைப் பார்த்துப் பழகியவனுக்கு அங்கேயே உட்கார்ந்திருக்கச் சற்று எளிதாகிறது. மைத்திரி, கருணை, முதிதை ஆகியவற்றோடு நான்காவதாகப் பௌத்தர் சொல்லும் உபேட்சை இதுவே. தமிழில் அச்சொல் அலட்சியம் என்ற பொருளில் வழங்கத் தொடங்கியது ஒரு துரதிர்ஷ்டம். விலகிப் போகாமலும் கலங்கிச் சாயாமலும் இருக்கும் சமநிலையே அதன் மூலப்பொருள். 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய, மரணத் தறுவாயில் இருப்போரைப் பேணும் ஜென் ஹாஸ்பைஸ் திட்டம் இந்தப் பயிற்சியையே தொண்டர்களுக்கு அடிப்படையாக்கிற்று. ஜப்பானியப் பௌத்தரோ ஹாஸ்பைஸ் என்ற மேனாட்டுப் பெயரை விடுத்து, நம் 'விஹாரம்' என்ற சொல்லையே 1985 முதல் இப்பணிக்குச் சூட்டிக்கொண்டார்கள். நகவோகாவில் ஒரு மருத்துவமனையின் விஹாரப் பிரிவு 1992இல் திறக்கப்பட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? அடுத்த மாநிலத்தில், 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாய்த் தொடங்கிய வலித்தணிப்புப் பணி, ஆசிரியரும் கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் இல்லத்தரசிகளும் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் பெரிய இயக்கமாயிற்று. நம் மாநிலத்திலும் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பேணும் இச்சேவை சேர்க்கப்பட்டுள்ளது. காஞ்சியை அடுத்த காரப்பேட்டையில், அண்ணாவின் பெயரால் அமைந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். எத்தனையோ முறை பேருந்தில் அதைக் கடந்திருப்பீர்கள். மார்ஃபினை மருத்துவர் தருவார். தலையணையைத் திருப்பிப் போட ஓர் ஆள் வேண்டும். அதற்குப் பட்டம் தேவையில்லை. எனினும் பட்டம் பெற்றவர்கள் செய்யலாகாது என்று விதி ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை.

சென்ற ஆண்டு ஒரு பட்டு நெசவாளர் எங்களிடம் வந்தார். ஐம்பது ஆண்டு தறியில் இருந்தவர். கடைசி இரண்டு நாள் நினைவு தப்பியபின், அவருடைய விரல்கள் போர்வையின் ஓரத்தைப் பற்றிப் பற்றி இழுத்தன. மரணகாலத்தில் பலருக்கும் காண்பதுதான் இது என்று தாதி எனக்கு விளக்கினார். அவர் மனைவி அதை ஒப்பவில்லை. "இழை அறுந்துபோச்சு, முடி போடறாரு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மையார் தம் சேலை முந்தானையின் நூல் ஒன்றைப் பிரித்து அவர் விரல்களுக்கிடையே வைத்தார். பெருவிரலும் சுட்டுவிரலும் அதைச் சற்று நேரம் முறுக்கின, பிறகு ஓய்ந்தன. பஞ்சை நனைத்து நான் அம்மையாரிடம் கொடுத்தேன். கணவரின் உதட்டை அவரே துடைத்தார். விடியுமுன் எல்லாம் முடிந்தது. நான் வராந்தாவுக்கு வந்தபோது, கணவரை இழந்து கால் நாழிகை ஆகாத அந்த அம்மையார் பின்னாலேயே வந்து, "ராத்திரியிலேருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலையே, தம்பி" என்றார்.

உங்கள் பெயர்களை அழைப்பதற்குக் கல்லூரி முதல்வர் அவர்கள் பட்டியலோடு காத்திருக்கிறார். நான் அமர்கிறேன்.