காத்தலும் காட்டலும்

வைத்தியரிடமும் வக்கீலிடமும் எதையும் ஒளிக்கலாகாது என்று நம்மவர் கூறுவதுண்டு. நோயை மறைத்தவனுக்கு மருந்து பலிக்காது. உண்மையை மறைத்தவனுக்கு வாதம் பலிக்காது. ஆனால் ஒருவன் மனந்திறந்து பேசவேண்டுமாயின், பேசியது வெளியே போகாது என்ற நம்பிக்கை அவனுக்கு முதலில் வேண்டும். அந்த நம்பிக்கையைக் காக்கச் சட்டம் இட்ட வேலியே, சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையே நிகழும் உரையாடலுக்குரிய சிறப்புரிமையாகும். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் மகாராணியார் காலத்திலேயே இதன் வேர்கள் காணப்படுகின்றன. ஆங்கிலச் சட்ட மரபு சென்ற நாடுகளுக்கெல்லாம் இதுவும் உடன் சென்றது. இலங்கையின் 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு.

இந்த வேலி தனிமனிதருக்கு மட்டுந்தானா? அரசாங்கத்துக்கும் உண்டா?

அரசாங்கமும் நாள்தோறும் ஆலோசனை கேட்கிறது. "இந்த உத்தரவைப் பிறப்பிக்க எமக்கு அதிகாரம் உண்டா? வழக்கு வந்தால் இது நிற்குமா?" என்று ஒரு திணைக்களம் தன் சட்டத்தரணியை வினவுகிறது. நிற்காது என்று தோன்றினால், அதனை அச்சமின்றி எழுதிக்கொடுக்க அவரால் முடியவேண்டும். எழுதியது மறுநாளே எதிர்த்தரப்பாரின் கைக்குப் போய்விடும் என்றால், அவர் பட்டும் படாமலும் எழுதுவார். அல்லது எழுதாமலே விடுவார். ஆகவேதான், அரசாங்க அமைப்பொன்று தன் சொந்தச் சட்டத்தரணியிடம் பெற்ற ஆலோசனைக்கும் இச்சிறப்புரிமை உண்டு என்று கனடாவின் அதியுயர் நீதிமன்றம் 2004 ஆம் ஆண்டில் தீர்த்தது. அவ்வழக்கில் வாதாடிய பெண்மணி, தமது முறைப்பாட்டை விசாரிக்க மறுத்த மனித உரிமை ஆணைக்குழு பெற்றிருந்த சட்ட ஆலோசனையைக் காண விரும்பினார். காண்பதற்கு அவருக்கு உரிமையில்லை என்றே முடிவாயிற்று.

இது நியாயமே. எனினும் அரசாங்கம் தனிமனிதனைப் போன்றதன்று. அது குடிகளின் பணத்தில், குடிகளின் பெயரால் நடப்பது. அதன் செயல்களைக் கண்காணிக்கப் பாராளுமன்றங்கள் ஆணையாளர்களையும் குறைகேள் அதிகாரிகளையும் நியமித்திருக்கின்றன. திணைக்களம் ஒரு கோவையைக் காட்ட மறுத்து, "இது சிறப்புரிமைக்கு உட்பட்டது" என்று கூறும்போது, அது மெய்தானா என்று பார்ப்பவர் யார்? அட்டையின் மேல் அந்தச் சொல்லை எழுதிவிட்டால் போதுமா? தவறு செய்தவர்களே தம் தவறுகளையும் அதே கோவைக்குள் சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன செய்வது?

மறுபுறத்தில் இன்னோர் இடரும் உண்டு. சிறப்புரிமை என்பது கண்ணாடிப் பாத்திரம் போன்றது. கட்சிக்காரர் தம் விருப்பத்தோடு ஆவணத்தை வெளியாரிடம் காட்டினால், சிறப்புரிமையை அவர் கைவிட்டுவிட்டார் என்று நீதிமன்றம் கொள்ளக்கூடும். "அவருக்குக் காட்டினீர் அல்லவா? எமக்கும் காட்டும்" என்று எதிர்த்தரப்பார் வந்து நிற்பர். இதனால், நேர்மையான உத்தியோகத்தரும் கண்காணிப்பாளருக்குக் கோவையைத் திறந்து காட்டத் தயங்குவார். அவருடைய தயக்கத்தில் கள்ளம் எதுவும் இல்லை. திணைக்களத்தின் உரிமை போய்விடுமே என்ற அச்சமே காரணம்.

இந்தச் சிக்கலைக் கனடா அவிழ்த்த வரலாறு கவனிக்கத்தக்கது.

அல்பேர்ட்டா மாகாணத்தில் வாழும் பிளட் குலத்தார் என்னும் பழங்குடி மக்களின் சுகாதாரத் திணைக்களத்தில் ஒரு பெண் பணியாற்றி வந்தார். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தம்மைப் பற்றித் தவறான செய்திகள் திரட்டப்பட்டு, மேலிடத்தில் தம் பெயரைக் கெடுக்கப் பயன்படுத்தப்பட்டன என்பது அவருடைய ஐயம். தம்மைப் பற்றிய கோவையைக் கேட்டார், கிடைக்கவில்லை. தனியுரிமை ஆணையாளரிடம் முறையிட்டார். ஆணையாளர் கேட்டபோது மற்ற ஆவணங்கள் வந்தன. சட்டத்தரணியோடு நடந்த கடிதப் போக்குவரத்து மட்டும் வரவில்லை. சிறப்புரிமை உண்மையிலேயே உளதா என்று பார்ப்பதற்காகவேனும் அவற்றை அனுப்புக என்று ஆணையாளர் கட்டளையிட்டார்.

2008 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அதியுயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் இயன் பின்னி. நீதிமன்றம் பார்ப்பது வேறு, ஆணையாளர் பார்ப்பது வேறு என்பதே அதன் சாரம். நீதிபதி நடுநிலையில் நின்று தீர்ப்பவர். ஆணையாளரோ விசாரணை செய்பவர். நாளை அதே நிறுவனத்துக்கு எதிராக வழக்கிலும் நிற்கக்கூடியவர். "எந்த ஆவணத்தையும் அழைப்பிக்கலாம்" என்ற பொதுச் சொற்கள், இத்தகைய ஒருவருக்கு இந்த வேலியைத் தாண்டும் அதிகாரத்தைத் தரமாட்டா. ஐயமிருந்தால் அவர் நீதிமன்றத்தை நாடலாம் என்று கூறப்பட்டது.

எட்டு ஆண்டுகளின் பின், 2016 நவம்பரில், கல்கரிப் பல்கலைக்கழகத்தின் வழக்கு வந்தது. இங்கும் முன்னாள் ஊழியர் ஒருவர் தம்மைப் பற்றிய ஆவணங்களைக் கேட்டிருந்தார். அல்பேர்ட்டாவின் சட்டம், "சாட்சியச் சட்டத்தின் எந்தச் சிறப்புரிமை இருப்பினும்" ஆவணத்தைக் காட்டவேண்டும் என்ற பொருள்படக் கூறியது. இதைவிடத் தெளிவு வேண்டுமா என்று சாதாரண மனிதர் கேட்பர். வேண்டும் என்றது நீதிமன்றம். சட்டத்தரணியின் இரகசியம் வெறும் சாட்சிய விதியாக இருந்த காலம் போய்விட்டது. அது நீதிமன்ற வாயிலுக்கு வெளியேயும் நிலைக்கும் அடிப்படை உரிமையாக வளர்ந்துவிட்டது. தெளிவான, ஐயத்துக்கு இடமற்ற சொற்களால் அதனை நீக்காத எந்தச் சட்டமும் அதனைத் தொடமுடியாது என்று பெரும்பான்மை நீதியரசர்கள் தீர்த்தனர்.

அந்தத் தீர்ப்பின் அதிர்ச்சி தலைநகரான ஒட்டாவாவையும் எட்டியது. 1983 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கனடாவின் தகவல் பெறும் உரிமைச் சட்டமும் ஏறக்குறைய இதே சொற்களால்தான் தகவல் ஆணையாளருக்கு அதிகாரம் அளித்திருந்தது. அந்தச் சொற்கள் இனிப் போதுமா என்ற ஐயம் எழுந்தது. திணைக்களம் மறைத்த ஆவணத்தை ஆணையாளரும் பார்க்க முடியாவிட்டால், முறையிட்ட குடிமகனுக்கு எஞ்சுவது செலவும் தாமதமும் நிறைந்த நீதிமன்ற வழியொன்றே.

ஆகவே 2019 ஜூன் மாதத்தில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அதன் முக்கிய அம்சங்கள் இரண்டு. அரசாங்க நிறுவனம் சட்டத்தரணியின் சிறப்புரிமையைக் காரணங்காட்டி ஆவணத்தை மறுத்தாலும், அந்த மறுப்பு முறையானதா என்று அறிய ஆணையாளர் அதனைப் பார்க்கலாம் என்று, சிறப்புரிமையின் பெயரைச் சொல்லியே திருத்தம் கூறியது. அவ்வாறு காட்டுவது சிறப்புரிமையைக் கைவிட்டதாகாது என்பதையும் ஐயத்துக்கு இடமின்றி உரைத்தது. ஆணையாளரும் அவருடைய அலுவலர்களும் அறிந்தவற்றை வெளியிடாமற் காக்கும் கடமை சட்டத்தில் ஏற்கெனவே இருந்தது. ஆணையாளரின் கண்ணுக்குத் திறந்த கதவு, உலகத்தாருக்குத் திறந்த கதவாகாது என்பதே இவ்வேற்பாட்டின் கருத்து.

இதற்கு ஆட்சேபம் இல்லாமலில்லை. ஆவணத்தை வெளியிடுமாறு கட்டளையிடும் அதிகாரத்தையும் இதே திருத்தம் தகவல் ஆணையாளருக்குக் கொடுத்தது. பார்ப்பவரே தீர்ப்பவருமானால், நீதியரசர் பின்னி சுட்டிய அபாயம் மீண்டும் வாராதா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் வலு உண்டு. கட்டளையை ஏற்காத நிறுவனம் சமஷ்டி நீதிமன்றத்துக்குச் செல்லலாம் என்ற வழி திறந்திருப்பதே அதற்குரிய மறுமொழி. இறுதிச் சொல் இன்னும் நீதிபதியுடையதுதான்.

ஆனால் நல்ல சட்டம் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு அவுஸ்திரேலியா சாட்சி பகரும். அங்கே 1976 ஆம் ஆண்டின் சட்டம், திணைக்களங்களுக்கு வழங்கப்பட்ட சட்ட ஆலோசனையையும் கேட்டுப்பெறும் அதிகாரத்தை ஒம்புட்ஸ்மன் என்னும் குறைகேள் அதிகாரிக்கு அளித்திருந்தது. 2015 முதல் 2019 வரை, உதவிப் பணம் பெற்ற ஏழைகளின் ஆண்டு வருமானத்தை இரு வாரக் கூறுகளாகச் சமமாகப் பங்கிட்டு, அந்தக் கணக்கைக் கொண்டு அவர்கள்மேல் கடன் சுமத்தும் திட்டமொன்று நடைபெற்றது. இம்முறை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று திணைக்களத்தின் சட்டத்தரணிகள் 2014 ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தனர். திட்டம் தொடர்ந்தது. 2017 இல் ஒம்புட்ஸ்மன் விசாரித்தபோது, திணைக்களங்கள் அவரைத் தவறான வழியிற் செலுத்தின என்று 2023 ஜூலையில் அரச விசாரணைக்குழு கண்டறிந்தது. இடையில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்மீது நியாயமற்ற கடன் சுமத்தப்பட்டிருந்தது. கேட்கும் அதிகாரம் ஒருவரிடம் இருந்தும், மெய்யைச் சொல்லும் மனம் மற்றவரிடம் இல்லாமற் போயிற்று. கண்காணிப்பாளருக்கு உதவுவது திணைக்களத் தலைவர்களின் சட்டக் கடமையாக வேண்டும் என்று அக்குழு விதந்துரைத்தது.

காத்தலும் காட்டலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சட்டத்தரணியின் சொல்லைக் காப்பது, அரசாங்கம் நல்ல ஆலோசனை பெறுவதற்காக. கண்காணிப்பாளருக்கு அதனைக் காட்டுவது, பெற்ற ஆலோசனையைக் கேட்டு நடந்ததா என்று குடிகள் சார்பில் ஒருவர் அறிவதற்காக. முன்னதை விட்டால் உத்தியோகத்தர் ஆலோசனை கேட்கவே அஞ்சுவர்; பின்னதை விட்டால், கேட்டும் கேளாதவர் போல நடந்துவிடுவர். இரண்டையும் சேர்த்துக் காக்கும் சொற்களைப் பாராளுமன்றம் தெளிவாக எழுதவேண்டும். எழுதியபின் அதனை மனமார நிறைவேற்றும் உத்தியோகத்தரும் வேண்டும். வேலியிலே படலை வைப்பது வேலியை அழிப்பதற்கன்று. உரியவர் வந்து போவதற்கே படலை. உரியவர் போனபின் அது சாத்தப்படவேண்டும்.