கைவந்த கலையும் காணிக்கையே
(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஏற்பாடுகள் தொடங்கியது முதல் நன்கொடை, நிதி, ரசீதுப் புத்தகம் என்றே பேசிப் பேசி உங்களுக்குச் சலித்திருக்கும், நமக்கும் சலித்துவிட்டது. ஆகவே இன்று பணத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பியபின், யாரும் ஏவாமலே, கூலி எதிர்பாராமலே நீங்கள் ஆசையோடு செய்கிற காரியம் ஒன்று உண்டல்லவா? பாட்டோ, தையலோ, பூச்செடியோ, பழைய வானொலியைப் பிரித்துப் பூட்டுவதோ, எதுவாயினும் அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை அறியாதவர் யார்? 1826இல் திருச்சியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள் என்னும் கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் உத்தியோகம் நீதி வழங்குவது. ஆசையோ தமிழிலும் இசையிலும். வழக்குக் கட்டுகளுக்கு நடுவே நேரம் தேடி எழுதினார். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. தேவமாதாவின் பேரில் அந்தாதி பாடினார். அதற்குமேல் ஒன்று செய்தார்: இந்நாட்டுக் கீர்த்தனை வடிவத்தையே கையில் எடுத்து, எந்தச் சமயத்தாரும் மனமொப்பிப் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' தந்தார். கச்சேரி மேடைகளில் இந்து சகோதரர்களும் அவற்றைப் பாடக் கேட்டிருக்கிறோம். அந்நாளில் பீடத்தில் ஒலித்த மொழியோ இலத்தீன். அதற்காக அவர் காத்திருக்கவில்லை. 1889இல் அவர் கண்மூடினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் மக்கள் மொழிக்கும் அவரவர் நாட்டு இசைக்கும் கதவைத் திறந்தது 1963இல். எழுபத்து நான்கு ஆண்டுகள்!

கதவைத் திறந்தாயிற்று. ஆனால் வாசலில் நிற்கும் நாம் என்ன செய்கிறோம்? நம் குற்றத்தை நாமே சொல்லிவிடுகிறோம்.

இப்பங்கிற்கு வந்த முதலாண்டுத் திருவிழா. அதிகாலையில் எழுந்து பார்த்தால் ஆலய வாசல் முழுவதும் மாக்கோலம். இவ்வூரோ அண்ணாமலையார் ஊர். பௌர்ணமி தோறும் ஊரே கிரிவலம் போகிறது. கார்த்திகைத் தீபமென்றால் கேட்கவே வேண்டாம். 'கோயிலுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தோம். உபதேசியாரைக் கூப்பிட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னோம். குருமடத்தில் பண்பாட்டுமயமாதல் பற்றித் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர்தான் நாம்!

கோலம் போட்ட அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு பூசைக்கு வந்தார், போனார். மற்றபடி ஆலயத்துப் பக்கம் வரவில்லை. ஓராண்டு கழித்து, வீடு மந்திரிக்கப் போன இடத்தில் அவருடைய கோல நோட்டைக் கண்டோம். தாயார் கற்றுக் கொடுத்தவையும் தாமே கண்டுபிடித்தவையுமாகப் பக்கம் பக்கமாய்ப் புள்ளிகள். அன்று அழித்த கோலம் எது என்று கேட்டோம். தயங்கித்தான் காட்டினார்.

"நடுவே நாற்பத்தொன்று, நாலு கைக்கு மும்மூன்று, ஆக ஐம்பத்து மூன்று புள்ளி, சாமி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அருள்நிறை மந்திரம். அதனால் எண்ணிக்கை தப்பாது."

ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை! நான்கு கைகளை நீட்டிய சிலுவை! அதன்மேல்தான் தண்ணீர் ஊற்றினோம். அந்த வீட்டில் மந்திரித்த தீர்த்தம் தெளிக்கக் கை எழவில்லை.

விடுதலைப் பயண நூலின் முப்பத்தோராம் அதிகாரத்தை அன்றிரவு எடுத்து வாசித்தோம். இறை ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று ஆண்டவரே பெயர் சொல்லிக் குறிப்பிடும் பெட்சலேல், பலியிடும் குருவல்ல. பொன்னிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்யும் கைவினைஞர். எத்தனை முறை படித்த பகுதி!

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆலயத்திற்குக் கொண்டுவந்த கலை, சில வேளை கொண்டுவந்தவரின் சொத்தாகி விடுகிறது. 'என் ஆர்மோனியம், என் இடம்' என்று இளையவரைத் தொடவிடாத மூத்தவர்களை எந்தப் பங்கில்தான் காணவில்லை? நம் பாடகர் குழுவைச் சொல்லவில்லை; அவர்கள் சிரிப்பதைப் பார்த்தால் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள் போலும்.

யூபிலித் திருப்பலிக்கு வாசலில் கோலம் போடும்படி அந்த அம்மாளை மும்முறை கேட்டோம். இரண்டு முறை, "பார்க்கலாம், சாமி" என்றார். நேற்று மாலை தாமாகவே அறைவீட்டுக்கு வந்து, இரண்டு படி பச்சரிசி மாவு கேட்டார். மூன்று சிறுமியரையும் உடன் அழைத்து வந்திருந்தார். நாளைக் காலை நான்கு மணிக்குத் தொடங்குவார்களாம். தேர் இழுக்கும் இளைஞர்கள் தயவுசெய்து தெற்கு வாசல் வழியே வரவும். உபதேசியாரிடம் குடத்தை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறோம்.