பழைய இஞ்சினும் புதிய பிஸ்டனும்



பள்ளிக்கூடத்தில் கணக்கும் பௌதிகமும் கற்பித்து, பின்னர்த் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மோட்டார்ப் பட்டறைக்கும் எனக்கும் தொழில்முறைத் தொடர்பு ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவன் மோட்டார் இஞ்சினைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குக்கு நான் சரியான விடை சொன்னேன். அந்த விடையை நம்பியதால் ஓர் இஞ்சின் உடைந்தது. அந்தக் கதையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஸ்வீடன் நாட்டில், கோதன்பர்க் நகரில் பணி புரிகிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் பழைய கார் ஒன்றை விலைக்கு வாங்கினார். அது 1978ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ‘சாப் 99 டர்போ’. அந்த நிறுவனத்தின் கார்த் தொழில் 2011இல் நொடித்துப் போயிற்று. எனினும், அதன் பழைய வண்டிகளைப் பிள்ளைபோல் போற்றி வளர்ப்பவர்கள் அந்நாட்டில் இன்னும் பலர் உளர். நம் மாணவரும் அவர்களுள் ஒருவரானார். வண்டியோ எண்ணெய் குடித்தது, புகை கக்கியது. இஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க அவர் முடிவு செய்தார்.

‘டர்போ’ என்பது யாது? இஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையை ஒரு சிறு சக்கரத்தின்மேல் பாயச் செய்கிறார்கள். சக்கரம் சுழல்கிறது. அதே அச்சில் பொருத்திய மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் மிகுதியாக எரியும். சிறிய இஞ்சின் பெரிய இஞ்சினைப்போல் உழைக்கும். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இந்தக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

இனி, அமுக்க விகிதத்துக்கு வருவோம். பிஸ்டன் அடிமட்டத்தில் நிற்கும்போது சிலிண்டரில் உள்ள மொத்த இடத்தை, அது உச்சிக்கு வந்தபின் எஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பதே அமுக்க விகிதம். நம் மாணவரின் இஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டம் 90 மில்லிமீட்டர்; பிஸ்டன் செல்லும் தூரம் 78 மில்லிமீட்டர். ஆகவே பிஸ்டன் கடக்கும் இடம் 496 கன சென்டிமீட்டர். உச்சியில் எஞ்சுவது 80. இரண்டையும் கூட்டி 80ஆல் வகுத்துப் பாருங்கள், விடை 7.2. டர்போ இல்லாத அக்காலத்து இஞ்சின்களோடு ஒப்பிட்டால் இது தாழ்ந்த விகிதம்.

தாழ்ந்த விகிதத்தால் ஒரு குறை உண்டு. டர்போச் சக்கரம் வேகம் பிடிக்கும்வரை இஞ்சின் சோம்பிக் கிடக்கும். ஊருக்குள் மெல்லச் செல்லும்போது பெட்ரோலையும் சற்று அதிகம் கேட்கும். ஆதலின் மாணவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, எப்படியும் புதிய பிஸ்டன் போடப் போகிறேன். விகிதத்தை 8.5 ஆக்கினால் என்ன ஆதாயம்? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்” என்றார்.

கணக்கு என்றதும் எனக்கு உற்சாகம் பிறந்தது. ஆட்டோ சுழற்சி என்று பௌதிக நூல்கள் கூறும் வாய்பாட்டின்படி, விகிதம் 7.2 ஆயின் வெப்பத்தில் வேலையாக மாறுவது நூற்றுக்கு 54.6 பங்கு, 8.5 ஆயின் 57.5 பங்கு. மெய்யான இஞ்சினில் இதில் ஏறத்தாழப் பாதியே கைக்கு வரும். ஆயினும், முன்னைவிட நூற்றுக்கு 5 பங்கு ஆதாயம் என்ற ஒப்பீடு பெரிதும் பிழையாகாது. அதே பெட்ரோலுக்கு, அதே டர்போவுக்கு, எல்லா வேகத்திலும் கிடைக்கும் ஆதாயம் அது.

அடுத்து, “சிலிண்டர்த் தலையின் அடிப்பரப்பைச் சீவிவிட்டால் போதாதா?” என்று கேட்டார். அதையும் கணக்கிட்டோம். விகிதம் 8.5 ஆக வேண்டுமானால், உச்சியில் எஞ்சும் இடம் 80இலிருந்து 66 கன சென்டிமீட்டராகக் குறைய வேண்டும். சிலிண்டர் வட்டத்தின் பரப்பு 63.6 சதுர சென்டிமீட்டர். இதில் 14 கன சென்டிமீட்டரைக் குறைக்க 2.2 மில்லிமீட்டர் சீவ வேண்டும். அவ்வளவு சீவினால் தலை வலுவிழக்கும். வால்வுகள் பிஸ்டனை நெருங்கும். காம் ஷாஃப்டைச் சுழற்றும் சங்கிலி தளர்ந்து, வால்வு திறக்கும் நேரமே மாறிப்போகும். எனவே, உச்சி உயர்ந்த பிஸ்டன்களே ஏற்ற வழி என்று முடிவாயிற்று. அவர் பிஸ்டன்களை வாங்கினார். பள்ளி ஆய்வகத்தில் நாம் கையாளும் ப்யூரெட்டைக் கொண்டே, தலையிலுள்ள குழிவில் திரவம் நிரப்பி அளந்தார். பிஸ்டன் உச்சியில் களிமண் வைத்து இஞ்சினைக் கையால் சுழற்றி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

வண்டி ஓடிற்று. ஊருக்குள் முன்னினும் சுறுசுறுப்பாக ஓடிற்று. சில வாரங்கள் கழித்து அவர், “மேட்டில் வேகமாக ஏறும்போது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஓர் ஒலி கேட்கிறது, ஐயா” என்றார். நான் யோசிக்கவில்லை. “புதிய பாகங்கள் அல்லவா, தம்பி? பழகும்வரை அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போல் சொன்னேன். அவர் என் சொல்லை நம்பினார். ஒரு குளிர்கால இரவில், மனைவியும் சிறு மகளும் உடனிருக்க, பனி மூடிய நெடுஞ்சாலையில் இஞ்சின் நின்றுபோயிற்று. பிரித்துப் பார்த்தபோது, ஒரு பிஸ்டனில் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு நொறுங்கிக் கிடந்தது. யாருக்கும் தீங்கு நேரவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

அந்த ஒலியை மோட்டார்த் துறையில் ‘நாக்கிங்’ என்பர். நாம் ‘தட்டல்’ எனலாம். வைக்கோற்போரின் ஒரு மூலையில் தீ வைத்தால் அது படிப்படியாகப் பரவும். சிலிண்டருக்குள்ளும் அப்படியே, பொறி பிறந்த இடத்திலிருந்து தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். ஆனால் உள்ளிருக்கும் வாயு ஏற்கெனவே மிகச் சூடாக இருந்தால், தீ வந்து சேருமுன்பே மறுகோடியில் உள்ள பகுதி தானே பற்றி, ஒரே கணத்தில் வெடிக்கிறது. அந்த அதிர்வே தட்டல். இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இதை விரிவாக ஆராய்ந்தார். அமுக்க விகிதத்தை மாற்றி மாற்றிச் சோதிப்பதற்கென்றே ஓர் இஞ்சினும் அமைத்தார்.

ஆகவே, நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு மற்றொன்று. அது வெப்பக் கணக்கு. அதை இஞ்சின் உடைந்த பிறகுதான் போட்டேன். டர்போ இல்லாமல் 20 பாகை வெப்பமுள்ள காற்று உள்ளே சென்று 8.5 விகிதத்தில் அமுங்கினால், வாய்பாட்டின்படி 417 பாகைக்கு உயரும். டர்போ, வெளிக்காற்றின் அழுத்தத்தில் பத்தில் ஏழு பங்கைக் கூடுதலாகச் சேர்த்துத் திணிக்கும்போது, காற்று சிலிண்டரை அடையுமுன்பே ஏறத்தாழ 95 பாகைக்குச் சூடேறிவிடுகிறது. அந்தக் காற்று 7.2 விகிதத்தில் அமுங்கினால் 538 பாகை, 8.5 விகிதத்தில் 593 பாகை. தட்டலின் விளிம்பில் நிற்கும் இஞ்சினுக்கு அந்த 55 பாகை பெரிய சுமை. அழுத்தமும் உடன் ஏறுகிறது. 7.2 என்று வைத்தவர்கள் அறியாமையால் வைக்கவில்லை. டர்போ தரப்போகும் வெப்பத்துக்கு முன்கூட்டியே இடம் விட்டுவைத்தார்கள்.

இதே சிக்கலை அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டிலேயே இரண்டு கார்கள் இரண்டு வழிகளில் அணுகின. ‘கார்வேர் மான்சா ஸ்பைடர்’ விகிதத்தை 8 அளவில் அடக்கி வைத்தது. ‘ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்’ துணிந்து 10.25 வரை சென்றது. தட்டலைத் தடுக்க, தண்ணீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த திரவத்தை அது காற்றோடு தெளித்தது. திரவம் ஆவியாகி வெப்பத்தை விழுங்கியது. அறிவான ஏற்பாடுதான், ஆனால் அந்தத் திரவத்தொட்டியை உரியவர்கள் மறவாமல் நிரப்பிவர வேண்டும். பலர் மறந்தனர். இரண்டு ஆண்டுகளோடு அந்தக் கார் நின்றுபோயிற்று.

சாப் நிறுவனத்தாரே பின்னர் மூன்றாவது வழி ஒன்று கண்டனர். 1982ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து, அவர்களுடைய டர்போ இஞ்சினின் பக்கவாட்டில் ஒலியுணரும் கருவி ஒன்றைப் பொருத்தினர். தட்டல் எழும்போது அக்கருவி உணர்த்தும். உடனே டர்போவின் அழுத்தம் தானே குறையும். தட்டல் அடங்கியதும் அழுத்தம் மீண்டும் ஏறும். இந்தக் காவலை வைத்துக்கொண்டுதான் அவர்கள் விகிதத்தை 7.2இலிருந்து 8.5 ஆக உயர்த்தினர். எங்கள் விடையும் அதே 8.5தான். அவர்கள் முதலில் காவலை வைத்து, அதன்பின் விகிதத்தை உயர்த்தினர். நாங்களோ காவல் இல்லாமலே உயர்த்திவிட்டோம்.

மாணவர் மனம் தளரவில்லை. “பழைய பிஸ்டனுக்கே திரும்பிவிடு, தம்பி” என்றேன். “இல்லை ஐயா, இம்முறை இரண்டு கணக்கையும் போடுவோம்” என்றார். டர்போவுக்கும் இஞ்சினுக்கும் நடுவே ‘இண்டர்கூலர்’ என்னும் குளிர்விப்பானைப் பொருத்தினார். காற்று 95 பாகைக்குப் பதிலாக 50 பாகையில் உள்ளே சென்றால், 8.5 விகிதத்தில் அமுங்கியபின் 487 பாகைதான் இருக்கும். பழைய 538ஐ விடவும் குறைவு. பொறி பிறக்கும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளினார். 98 ஆக்டேன் பெட்ரோலையே இடுவதென்று வைத்துக்கொண்டார். டர்போவின் அழுத்தத்தை முதலில் குறைத்து வைத்தார். பிந்திய மாதிரி வண்டியிலிருந்து அந்த ஒலியுணரும் கருவியையும் தேடிப் பெற்றுப் பொருத்தினார்.

பழைய டர்போ இஞ்சினைப் புதுப்பிக்க எண்ணுவோர்க்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. அமுக்க விகிதத்தை ஒரு படி உயர்த்துவது தவறன்று, நன்மை மெய்யானது. ஆனால் அந்த ஒரு படிக்கு ஈடாக, வெப்பத்தை எங்கே குறைக்கப் போகிறோம் என்பதைப் பிஸ்டன் வாங்குமுன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஈடு சொல்ல முடியாவிட்டால், செய்தவர் வைத்த எண்ணை விட்டுவிடுவதே நலம்.

வகுப்பறையில் விடை சரியாக இருந்தால் முழு மதிப்பெண் இட்டே பழகியவன் நான். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லி, கேட்கத் தவறிய கேள்வியை நினைவூட்டாமல் விடுவது ஆசிரியர் தொழிலுக்கு அழகன்று என்பதை அறுபது வயதுக்கு மேல், ஒரு மாணவரின் உடைந்த பிஸ்டனைக் கண்டு கற்றுக்கொண்டேன்.

சென்ற கோடையில் அவர் மீண்டும் தொலைபேசியில் அழைத்தார். வண்டியை அவர் ஓட்ட, அருகில் அமர்ந்திருந்த மனைவி தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இஞ்சினின் முழக்கம் சீராகக் கேட்டது. “எப்படி இருக்கிறது, ஐயா?” என்றார். நான் உடனே விடை சொல்லவில்லை. “மேட்டில் ஏறும்போது இன்னொரு முறை கேட்கச் செய், தம்பி” என்றேன். அவர் ஏறினார். நான் கூர்ந்து கேட்டேன். கூழாங்கல் ஒலி இல்லை.