பித்தப்பைக் கல்லும் ஒப்பரேஷனுக்குக் காத்திருக்கும் காலமும்

(தோட்டத்து நலன்புரிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைக்கிறதையும் விறகு பொறுக்குகிறதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். பித்தப்பையில் கல் இருக்கிறது என்று ஸ்கேனில் கண்டு, ஒப்பரேஷனுக்குத் திகதியும் கிடைத்து, அந்தத் திகதி வரும்வரை நோவோடு மலையேறிக் கொழுந்து பறிக்கிறவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். நோவு எதனால் என்றே தெரியாமல் கடையில் குளிசை வாங்கிப் போடுகிறவர்கள் அதைவிடக் கூட. இந்த இரண்டு பகுதியாருக்கும்தான் இன்றைய பேச்சு.

ஈரலுக்குக் கீழே, வலது பக்க விலா எலும்பு முடிகிற இடத்தில், சின்னப் பேரிக்காய் மாதிரி ஒரு பை இருக்கிறது. அதுதான் பித்தப்பை. ஈரல் ஒரு நாளைக்கு அரை லீட்டர் முதல் ஒரு லீட்டர் வரை பித்தநீர் சுரக்கும். அதில் ஒரு பங்கை இந்தப் பை வாங்கிச் சுண்ட வைத்துக்கொள்ளும். எண்ணெய், கொழுப்புச் சேர்ந்த சாப்பாடு உள்ளே போனதும் பை சுருங்கி, பித்தநீரைக் குடலுக்குள் விடும். பித்தநீரில் கொழுப்பு கூடினாலோ, பை ஒழுங்காகச் சுருங்காமல் நீர் தேங்கினாலோ, கேத்தலின் அடியில் உப்புப் படிகிற மாதிரி கல் கட்டும். மணல் பருமனிலும் இருக்கும், மாபிள் பருமனிலும் இருக்கும்.

ஆம்பிளைகளைவிடப் பொம்பிளைகளுக்கே இது கூடுதலாக வருகிறது. பிள்ளை பெற்றவர்கள், உடம்பு கனத்தவர்கள், சீனி வியாதிக்காரர், தாய்க்கோ சகோதரிக்கோ கல் இருந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். உடம்பைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடந்து வேகமாக மெலிந்தவர்களுக்கும் வரும். தலசீமியா மாதிரி இரத்தம் அழிகிற நோய் இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். "நான் ஒல்லி, எனக்கு எங்கே கல்லு" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கல் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இராது. வேறு எதற்கோ ஸ்கேன் பண்ணும்போது தெரியவந்து, நோவே இல்லாவிட்டால், டாக்டர்மார் பொதுவாக அதைத் தொட மாட்டார்கள். கல் போய்ப் பையின் வாயை அடைக்கும்போதுதான் நோவு வருகிறது. மேல்வயிற்றின் நடுவில் அல்லது வலது பக்கத்தில் இறுக்கிப் பிடிக்கும், முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் போகும், ஓங்காளம் வரும், வாந்தியும் வரும். அரை மணித்தியாலத்தில் விடலாம், நாலைந்து மணித்தியாலமும் நிற்கலாம். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகும் நடுச்சாமத்திலும் வருவது வழக்கம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும். ஆள் காலையில் பிரட்டுக்களத்தில் நிற்பார்.

அப்படிப் போய்விடுவதால்தான் நம்மவர்கள் இதைக் "காஸ்" என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். வயிற்றுப்புண்ணும் மேல்வயிற்றில்தான் நோகும், உண்மை. ஆனால் அது பெரும்பாலும் எரிகிற நோவு, காஸ் குளிசைக்குக் கொஞ்சமாவது கேட்கும். கல்லு நோவு அந்தக் குளிசைக்குக் கேட்காது. இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். மேல்வயிற்றில் இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல், இடது கைக்கும் தாடைக்கும் பரவுதல் இருந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். அப்போது சோடா குடித்துப் பார்க்கிற வேலை வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தும் நோவு விடாதவர்கள் இருக்கிறார்கள். "பொய் நோவு, வேலைக்குக் கள்ளம்" என்று அவர்களைப் பேசுவது சரியில்லை. வயிற்றுக்குள் குடல், கணையம், சிறுநீரகம், பெண்களுக்குக் கர்ப்பப்பை என்று எத்தனையோ இருக்கின்றன. ஸ்கேனுக்கு எல்லாமே தெரியாது, குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதும் இருக்கும். அவர்கள் ஒரு காரியம் செய்யலாம். வீட்டில் தொங்குகிற கலண்டரில் நோவு வந்த நாளைச் சுழித்து வையுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, அதற்கு முன் என்ன சாப்பிட்டது, மாதவிடாய் நாளா என்று இரண்டு சொல் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். கிளினிக்கில் டாக்டருக்கு நம்மோடு பேசக் கிடைப்பது கொஞ்ச நேரந்தான். "எப்பவும் நோகுதுங்க" என்று சொல்வதைவிட அந்தக் கலண்டர் தாள் நல்லாய்ப் பேசும்.

இனிக் காத்திருக்கும் காலத்துக்கு வருவோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் இலவசம், ஆனால் வரிசை நீளம். உயிருக்கு இப்போதே ஆபத்து என்றால் அவசர ஒப்பரேஷன், அது நிற்காது. கல்லு நோவு வந்து வந்து போகிறவர்களுடையது திட்டமிட்ட ஒப்பரேஷன். எந்தத் தட்டுப்பாடு வந்தாலும் முதலில் தள்ளிப்போவது அதுதான். 2022 மார்ச்சில், நாட்டில் டொலர் இல்லாமல் மருந்து முடிந்தபோது, பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி, அவசரமானதை மட்டும் செய்தார்கள். அந்த நேரம் கொழும்புக்கு வந்திருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் அந்தச் செய்தியைப் பார்த்து, உதவி செய்யும்படி தங்கள் தூதரகத்துக்குச் சொன்னார். கண்டிக்கும் பேராதனைக்கும் துண்டு கொண்டு போகிற நம்முடைய ஆட்களுக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று விளக்கத் தேவையில்லை. நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. 2020இல் கொரோனாவால் 12 வாரத்துக்குள் உலகம் முழுக்க ஏறக்குறைய 2 கோடி 80 லட்சம் ஒப்பரேஷன்கள் தள்ளிப்போகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆகவே திகதி பிந்தினால் டாக்டர் நம்மை ஒதுக்கிவிட்டார் என்று நினைத்துக் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் சொந்த ஊர் கீழே அம்பாறைக் கரையில் ஆலையடிவேம்பு. அக்கரைப்பற்றை ஒட்டிய ஊர், ஆதார வைத்தியசாலை கிட்டத்தில். நடுச்சாமம் நோவு வந்தால் ஓட்டோவில் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் கொண்டு போய்விடலாம். மேற்பிரிவு லயத்தில் அப்படியா? ரோட்டுக்கு இறங்குவதே பெரும்பாடு. அதனால் அங்கே காத்திருப்பதும் இங்கே காத்திருப்பதும் ஒன்றல்ல. இங்கே உள்ளவர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.

1990 என்ற நம்பருக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2016இல் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. காசு இல்லை. ஆனால் உங்கள் லயத்துக்குக் கிட்ட எந்த இடம்வரை அந்த வாகனம் வரும் என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். அதுவரை ஆளைத் தூக்கிக்கொண்டு வர நாலு பொடியன்மாரையும் சொல்லி வையுங்கள். சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

எப்போது கூப்பிடுவது? நோவு ஐந்து மணித்தியாலத்துக்கு மேலும் விடாவிட்டால், நோவோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், கண் மஞ்சளானால், மூத்திரம் சாயத்தண்ணி நிறத்தில் போனால், மலம் வெளுத்தால், வாந்தி நிற்காவிட்டால், நோவு முதுகைத் துளைத்துக்கொண்டு போனால். இதில் ஒன்று வந்தாலும் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. கல் குழாயில் இறங்கிவிட்டது, அல்லது பையில் கிருமி பிடித்துவிட்டது, அல்லது கணையம் வீங்கிவிட்டது என்று அர்த்தமாகலாம். அப்போது உங்களுடையது அவசரமாகிவிடும். கிளினிக் கொப்பியையும் ஸ்கேன் தாளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மிடம் இரண்டு பழக்கம் இருக்கிறது, இரண்டும் இந்த நோய்க்கு ஆகாது. ஒன்று, காலையில் வெறும் தேயிலைத் தண்ணியோடு மலைக்குப் போவது. மற்றது, பசியோடு வந்து ஒரேயடியாகத் தேங்காய்ப்பாலும் பொரியலும் போட்டு வயிறு முட்டச் சாப்பிடுவது. நெடுநேரம் ஒன்றும் சாப்பிடாவிட்டால் பித்தநீர் பையில் தேங்கும். பிறகு எண்ணெய்ச் சாப்பாடு வந்ததும் பை ஒரேயடியாகச் சுருங்கும், நோவு கிளம்பும். எங்கள் கரையில் கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம் ஆட்களில் கல்லுள்ள சிலருக்கு நோன்பு துறந்து சமோசா, வடை சாப்பிட்ட பிறகு இப்படி வரும். கந்தசஷ்டி விரதம் பிடிக்கிற நம்மவர்களுக்கும் அதே கதைதான். விரதமோ நோன்போ பிடிக்க விருப்பம் என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பிடியுங்கள். மற்ற நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக, நேரத்துக்கு. ரொட்டி சுடலாம், எண்ணெய் ஊற்றாமல் சுடுங்கள். பருப்பை முதற்பால் விடாமல் வையுங்கள். கீரை, மரக்கறி, மீன் குழம்பு, தோல் நீக்கிய கோழி எல்லாம் சாப்பிடலாம். எதைச் சாப்பிட்டால் நோகிறது என்று உங்கள் கலண்டரே காட்டித்தரும். ஆனால் சாப்பாட்டால் கல் கரையாது, நோவு வருகிற தடவை குறையலாம், அவ்வளவுதான்.

நிறையத் தண்ணீர் குடித்தால், வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கல் போய்விடும் என்கிறார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற பேச்சு. சிறுநீரகக் கல் மூத்திரத்தோடு போக வழியிருக்கிறது, பித்தப்பைக் கல்லுக்கு அந்த வழியே இல்லை. எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் குடித்தால் பச்சை உருண்டையாகக் கல் வெளியே போகும் என்று ஒரு வைத்தியம் இருக்கிறதே, அந்த உருண்டை குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சவர்க்காரமாகித் திரண்டது. கரைக்கிற குளிசை ஒன்று இருப்பது உண்மை, ஆனால் சிலவகைச் சின்னக் கல்லுக்குத்தான், மாதக்கணக்கில் போட வேண்டும், விட்டால் திரும்பவும் கட்டும்.

நோவுக்குப் பரசிட்டமோல் போடலாம். 500 மில்லிகிராம் குளிசை பெரிய ஆளுக்கு ஒரு தடவைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் குடிக்கிறவர்களுக்கும் அதைவிடக் குறைய. டைக்குளோபெனாக் மாதிரிக் குளிசையை டாக்டர் எழுதினால் போடுங்கள். கடையில் தாளில் சுற்றித் தருவதை வாங்கிப் போட்டு வயிற்றுப்புண்ணையும் சேர்த்து வாங்காதீர்கள்.

ஒரு அக்காவுடைய விஷயத்தைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். திகதி கிடைத்திருந்தது. மூன்று மாதமாக நோவே வரவில்லை. "சுகமாச்சு, எதுக்கு வெட்டணும்" என்று தீபாவளியைச் சாட்டி அவர் போகவில்லை. பொங்கலுக்குள் கண் மஞ்சளாகிக் காய்ச்சலோடு இரவில் தூக்கிக்கொண்டு போனோம். கல் குழாய்க்குள் இறங்கியிருந்தது. வாயால் குழாய் விட்டு அதை எடுத்து, கிருமிக்கு ஊசி ஏற்றி, அதற்குப் பிறகுதான் ஒப்பரேஷன். ஒரு சில நாளில் முடிய வேண்டியது வாட்டில் கிழமைக்கணக்கில் போனது. இப்போது நன்றாக இருக்கிறார், பின்வரிசையில்தான் இருக்கிறார், சிரிக்கிறார்.

வெட்டுவதற்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி. பித்தப்பையை முதன்முதலில் வெட்டி எடுத்தவர் லாங்கன்பூக் என்ற ஜெர்மன் டாக்டர், 1882இல், பெர்லினில். நோயாளி பல வருஷம் நோவில் கிடந்தவர், பிழைத்து வீட்டுக்குப் போனார். 1985இல் ஜெர்மனியிலேயே ம்யூஹே என்பவர் சின்னத் துளை போட்டு எடுத்தார். 1990இல் பம்பாயில் உத்வாடியா என்ற டாக்டர் இந்தியாவில் அதைச் செய்தார். இப்போது பெரும்பாலும் நாலு சின்னத் துளைதான், சிலருக்கு மட்டும் வயிற்றைத் திறக்க வேண்டி வரும். பை இல்லாமலும் வாழலாம், ஈரல் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகிப் போகும்.

துளை ஒப்பரேஷன் என்றால் ஒன்றிரண்டு கிழமையில் வீட்டு வேலை செய்யலாம். கொழுந்துக் கூடை சுமப்பது பாரம் தூக்குகிற கணக்கு, அதற்கு நாலு முதல் ஆறு கிழமை வரை ஆகும், வயிற்றைத் திறந்தால் அதற்கு மேலும். "என்ன வேலை" என்று டாக்டர் கேட்டால் "தோட்டத்தில" என்று மட்டும் சொல்லாமல், சரிவில் ஏறிப் பாரம் சுமக்கிறேன் என்று சொல்லுங்கள். மெடிக்கலில் அதற்கேற்ற நாளை எழுதுவார். அந்தத் தாளைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுக்குமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஆஸ்பத்திரியில் கொடுத்த போன் நம்பர் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா? சிம்மை மாற்றியிருந்தால் திகதி முந்தினாலும் பிந்தினாலும் அவர்களால் சொல்ல முடியாது. திகதிக்குக் காத்திருக்கிறவர்கள் கொப்பியோடு மேசைக்கு வாருங்கள், நம்பரைச் சரிபார்த்து, மாறியிருந்தால் கிளினிக்குக்கு அறிவிக்கலாம். மேற்பிரிவு ஆட்கள் முதலில் வரட்டும், மழை இறங்குமுன் அவர்கள் ஏற வேண்டும்.