கூத்துக்கும் பட்டம் உண்டு

பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கம் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இன்று ஒரு தகவல்.

மாசி பிறந்தால் நம் தோட்டங்களில் காமன் கூத்து. ஆட்டத்துக்கு முன்னால் தப்பு என்ற பறையை நெருப்பில் காய்ச்சுவார்கள். தோல் இறுகும். விரலால் தட்டிப் பார்ப்பார்கள். ஓசை கணீரென்று வந்த பிறகுதான் அடி விழும். இதுவும் ஒரு படிப்புத்தான்.

இதுபோன்ற கலைப் படிப்புக்குப் பட்டமும் உண்டு. மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கலாம், நடனம் படிக்கலாம், இசை படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நடனமும் இசையும் உண்டு.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். இதற்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நல்ல பெறுபேறு இருந்தும், இந்த விண்ணப்பம் தவறினால் வாய்ப்பும் தவறிவிடும்.

"படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாடகமும் அரங்கியலும், நடனம், சங்கீதம் எல்லாம் பாடசாலைப் பாடங்கள். அவற்றுக்கு ஆசிரியர்கள் வேண்டும். வானொலிக்குக் குரல் வேண்டும். மேடைக்கு ஒளி, ஒலி, ஒப்பனை தெரிந்தவர்கள் வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, இன்றைக்கே உங்கள் ஆசிரியரிடம் பேசுங்கள். பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலைப் புரட்டுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: பரீட்சை தனி, விண்ணப்பமும் தனி. கடைசித் திகதிக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.