கப்பல் மாதிரியும் காற்றுத் தூரிகையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. எங்களுக்கு இன்று இட்ட பணியோ வேறு. மண்டபத்தின் பின்புறம் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கப்பல் மாதிரியைக் கண்டவர் பலரும், "இவ்வண்ணத்தை எதனால் பூசினீர்கள்? பிள்ளை கேட்கிறான், எந்தக் கருவியை வாங்கித் தருவது?" என்று வினவினர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்வதினும் இங்கு நின்று ஒருமுறை சொல்லிவிடுவது நன்றென்று தலைவர் கருதினார்.

இத்தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் கப்பற் பயணத்தின் கதை இல்லாத வீடு அரிது. சென்னைக்கும் நமக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல்; கப்பலில் மூன்று நாள். 1911 இல் சாவர்க்கரைச் சென்னையிலிருந்து இங்குக் கொணர்ந்த எஸ்.எஸ். மகாராஜா முதல், பிற்காலத்து நான்கௌரி, ஸ்வராஜ் தீப் வரை எத்தனையோ கப்பல்கள் நம்மை ஏற்றி இறக்கின. மகாராஜா இன்று நிழற்படங்களில் மட்டுமே மிதக்கிறது. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952 இல் கோல்டன் ஹைண்ட் கப்பலை நெகிழி மாதிரியாக வெளியிட்டது முதல், உலகத்துப் போர்க்கப்பல்கள் பலவும் பெட்டிக்குள் அடங்கிக் கடைக்கு வந்துவிட்டன. நாங்கள் தேடிய கடைகளில் நம் கப்பல் மட்டும் கிடைக்கவில்லை. ஆதலின் மரத்தைச் செதுக்கியும் நெகிழித் தகட்டை அறுத்தும் நாங்களே செய்யத் துணிந்தோம். எட்டு மாத உழைப்பு அது. இறுதியில் பூசும் வண்ணம் கெட்டால் எட்டு மாதமும் கெட்டது என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

சாதாரணத் தூரிகை ஆகாதோ என்பீர்கள். ஒரு கணக்குப் பாருங்கள். 150 மீட்டர் நீளமுள்ள கப்பலை 350 இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 43 சென்டிமீட்டர் வரும். அம்மாதிரியின் மீது தூரிகையின் மயிர்த்தடம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மேடாக நின்றாலும், உண்மைக் கப்பலில் அது மூன்றரை சென்டிமீட்டர் கனமுள்ள மேடாகும். அப்படிப்பட்ட கப்பலை எந்தத் துறைமுகத்திலும் கண்டதில்லை! வண்ணத்தை மூடுபனி போல் படியச் செய்யும் கருவி வேண்டும். 1870களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அப்னர் பீலர் என்பவர் இத்தகையதொரு கருவியை அமைத்தார். கடைக்காரர் அதனை ஏர்பிரஷ் என்பார். நாம் காற்றுத் தூரிகை எனலாம். அதற்குக் காற்றூட்டும் இயந்திரம், பஞ்சர் கடையில் நாம் அனைவரும் கண்டிருக்கும் கம்ப்ரசரின் சிறிய உடன்பிறப்பு.

எல்லோரும் தூரிகையை முதலிற் தேர்ந்து, எஞ்சிய பணத்திற்குக் கம்ப்ரசர் வாங்குகின்றனர். நாங்களும் அவ்வாறே செய்தோம். விலையுயர்ந்த தூரிகை ஒன்றும், தொட்டியில்லாத, கையடக்கமான கம்ப்ரசர் ஒன்றும் வரவழைத்தோம். தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் கப்பலின் பக்கவாட்டுக்கு வெள்ளை பூசத் தொடங்கினோம். முதல் பத்து நிமிடம் பட்டுப் போல் படிந்தது. பின்னர்த் தூரிகை இருமிற்று. வண்ணத்தோடு நீர்த்துளிகள் தெறித்தன. கப்பலின் பக்கமெங்கும் அம்மைத் தழும்பு கண்டது. குழாயைக் கழற்றி உதறினோம், நீர் சொட்டியது. மூன்று வாரம் தேய்த்தும் சுரண்டியும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். அன்று எங்களுடன் இருந்த சிறுவன் ஒருவன், "கப்பல் என்றால் தண்ணீர் படத்தானே செய்யும்" என்றான். சிரிக்க இயலவில்லை.

அந்நீர் எங்கிருந்து வந்தது? நாம் மூச்சு விடும் காற்றிலிருந்தே வந்தது. ஈரத் துணியைப் பிழிந்தால் நீர் சிந்துவது போலக் காற்றைப் பிழிந்தாலும் நீர் சிந்தும். வெப்பம் 30 பாகையும் ஈரப்பதம் 80 விழுக்காடும் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி உள்ளது. நம் ஊரில் இது அரிய நாளன்று. அக்காற்றை 20 பவுண்டு அழுத்தத்திற்கு இறுக்கி, மீண்டும் அதே வெப்பத்திற்கு ஆறவிட்டால், அந்நீரில் பாதிக்குச் சற்றுக் குறைவானது துளியாக வெளிப்படும். தொட்டியில்லாத கம்ப்ரசரில் காற்று சூடாகப் புறப்படுகிறது. ஆறும் இடம் குழாய். எனவே துளி பிறக்கும் இடமும் குழாயே. அடுத்த வாயில் தூரிகையின் மூக்கு!

தொட்டியுள்ள கம்ப்ரசரில் நடப்பதே வேறு. மூன்று லிட்டர்த் தொட்டியில் காற்று 55, 60 பவுண்டு வரை இறுகி நின்று ஆறுகிறது. அவ்வளவு இறுக்கத்தில் நீரின் முக்கால் பங்கு தொட்டியின் அடியிலேயே வடிந்துவிடும். பின்னர் அழுத்தச் சீராக்கி வழியே 20 பவுண்டுக்குத் தளர்ந்து வரும்போது, இறுக்கம் நீங்கிய அக்காற்று இன்னும் நீரைத் தாங்கும் வலுப் பெற்றதாய், அறைக் காற்றினும் உலர்ந்ததாய் வெளிப்படுகிறது. இறுக்கி, ஆற்றி, தளர்த்துவது என்னும் இவ்வரிசையே சூட்சுமம். பெங்களூரில் இருப்பவர் தொட்டியை வசதி என்பார். கடல் சூழ்ந்த நமக்கு அஃது இன்றியமையாதது. சீராக்கியோடு நீர் பிடிக்கும் கண்ணாடிக் கிண்ணமும் இருத்தல் வேண்டும். இயந்திரம் நெடுநேரம் ஓடித் தொட்டியே சூடேறினால் ஈரம் அதனையும் தாண்டிச் செல்லும்; ஆதலின் தூரிகைக்கு அருகே சிறிய வடிகட்டி ஒன்றைச் செருகிக்கொள்வதும், இடையிடையே நிறுத்தி ஆறவிடுவதும் நலம். வேலை முடிந்ததும் தொட்டியின் அடித் திருகைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். மறந்தால் உள்ளே துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் அரைமணி நேரம் இயந்திரம் ஓடினாலே கண்கூடாக நீர் சேரும்.

பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசரை எடுத்துப் பொருத்தலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஓசை குறைவு என்பது உண்மை. ஆனால் அதன் எண்ணெய் காற்றோடு கலந்து வரும். எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது.

இனித் தூரிகைக்கு வருவோம். இதில் அதிகம் சொல்வதற்கில்லை. வண்ணக் கிண்ணம் மேலே அமைந்ததாயின் குறைந்த அழுத்தத்திலும் வண்ணம் தானே இறங்கும். ஒரே விசையை அழுத்தினால் காற்றும், பின்னிழுத்தால் வண்ணமும் வரும் இரட்டை இயக்கத் தூரிகை, ஒரு வாரம் பழகினால் கைவசப்படும். மூக்குத் துளை 0.3 மில்லிமீட்டர் போதும், 0.2 அளவினது மெல்லிய கோடுகளுக்கு ஏற்றது, எனினும் எளிதில் அடைபடும்; பெரிய கப்பலின் அடிப்பூச்சுக்கு 0.5 நன்று. ஜப்பானிய இவாட்டாவோ ஜெர்மானிய ஹார்டர் ஸ்டீன்பெக்கோ வாங்க இயன்றால் வாங்குங்கள்; அதற்காகத் தொட்டியைக் கைவிடாதீர்கள். உதிரி ஊசியையும் மூக்கையும் தூரிகையோடு சேர்த்தே வரவழையுங்கள். குழாயின் மரை 1/8 அங்குலமா, 1/4 அங்குலமா என்பதையும் முன்னரே கேட்டறியுங்கள். மரை பொருந்தாத சிறு பித்தளைத் துண்டுக்காக நாங்கள் அடுத்த கப்பல் வரும் வரை காத்திருந்தோம். அபர்தீன் பஜாரில் எல்லாம் கிடைக்கும், அது ஒன்றைத் தவிர!

எளிதில் தீப்பற்றும் லாக்கர் வண்ணங்களையும் தின்னரையும் விமானத்தில் அனுப்ப இசைவது அரிது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்களே நமக்கு எளிது. சிறுவர் உள்ள வீட்டிற்கும் அவையே ஏற்றவை. அவற்றின் புகைத்தூளும் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் அணிந்து, சன்னலைத் திறந்து வைத்தே பூசுங்கள்.

நாங்கள் பின்னர் வாங்கிய தொட்டிக் கம்ப்ரசரைச் சங்கத்து நூலக அறையில் வைத்திருக்கிறோம். வாங்கும் முன் இயக்கிப் பார்க்க விரும்பும் பெற்றோரும் பிள்ளைகளும் ஞாயிறு காலையில் வரலாம். அடுத்த மாதிரிக்கு அடிப்பூச்சு இனிமேல்தான் தொடங்க வேண்டும். வருவோர் வீட்டிலுள்ள பழைய நாளிதழ்களை எடுத்து வந்தால் மேசையில் விரிக்க உதவும்.