திரிகைக் கல்லும் சிராவக நெறியும்

(திருவிழாப் பேரவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

விழா நாள்களில் பூசை முறைகளும் புராண வரலாறுகளும் விரித்துரைக்கப்படுவது வழக்கம். அடுக்களை மூலையில் அமர்ந்திருக்கும் ஒரு கல்லுக்கும் இந்த அவையில் இடமுண்டு. இல்லறத்தார் கைக்கொள்ளும் அகிம்சை நாள்தோறும் சோதிக்கப்படும் இடங்களுள் மாவரைக்கும் இடமும் ஒன்று என்பதே அதற்குக் காரணம்.

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியே சென்றால், சேர்வராயன் மலைமேல் ஏறும் இரண்டாவது மலைப்பாதையின் அடிவாரத்தில் குப்பனூர் இருக்கிறது. அப்பாதை கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டை அடைகிறது. அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், காப்பித் தோட்டங்கள் பரவுவதற்கு முன்பிருந்தே கேழ்வரகும் சாமையும் விளைவித்து உண்டவர்கள். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், மூடுபனி படியும் ஊர்களில், அரைத்த மாவு விரைவில் ஈரம் ஏற்கும், கட்டி தட்டும், பூஞ்சணம் பிடிக்கும். தானியத்தை முழுமணியாகக் காத்து, வேண்டும்போது வேண்டிய அளவே அரைத்துக்கொள்ளும் முறை அத்தகைய மலைக்கு மிகவும் பொருந்துவது. கல் திரிகை அம்முறைக்கு ஏற்ற கருவி.

மலைக்கு இயற்கை வகுத்த இவ்விதியைச் சமண இல்லங்களுக்கு ஆசாரம் வகுத்தது. திகம்பர மரபில் மாவுக்கு நாள் வரையறை உண்டு. மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள். அதற்கு மேற்பட்ட மாவில் நுண்ணுயிர்கள் தோன்றும் என்பது கொள்கை. முனிவர்க்கு ஆகாரம் சமைக்கும் அடுக்களைகளில் கையால் அரைத்த மாவைத் தேடுவதும் இதனாலேயே. முழுத் தானிய மாவில் முளைக்கருவின் எண்ணெயும் கலந்திருப்பதால் அது காற்றுப்பட்டு விரைவில் கெடும் என்று உணவியலும் சொல்கிறது. கம்பு மாவு சில நாள்களிலேயே காறிக் கசப்பதை இல்லத்தரசியர் அறிவர். முன்னோர் வகுத்த வரையறை வெறும் சடங்கன்று என்பதற்கு அந்தக் கசப்பே சான்று.

அரைத்தல், குத்துதல், அடுப்பெரித்தல், நீர்க்குடம் வைத்தல், பெருக்குதல் ஆகிய ஐந்தையும் இல்லத்தில் உயிர்க்கொலை நேரக்கூடிய ஐந்து இடங்களாகச் சுட்டி, அவற்றைச் சூனை என்று பெயரிட்டனர் பெரியோர். இல்லறத்தார் இவற்றை முற்றும் துறத்தல் இயலாது. ஆயினும் ஒரு வழி உண்டு. உமாசுவாதி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, அதன் வேராகக் காட்டுகிறார். எனவே அரைக்கும் கல்லின் முன் அமர்பவர்க்கு முதற்கருவி கண், அடுத்ததே கை. திரிகையின் சிறப்பு அது பழமையானது என்பதில் இல்லை. உள்ளே விழும் ஒவ்வொரு கைப்பிடித் தானியத்தையும் பார்த்து இடும் வாய்ப்பை அது தருகிறது என்பதிலேயே இருக்கிறது.

தமிழகத்தில் இக்கருவி மிகத் தொன்மையானது. பெரும்பாணாற்றுப்படை முல்லை நிலத்து இல்லத்தை வருணிக்கும்போது, யானையின் காலை ஒத்த திரிமரம் நிற்கும் பந்தரைக் காட்டுகிறது. மரத்தாலும் மண்ணாலும் கல்லாலும் திரிகைகள் இருந்தன. வரகு போன்ற தோலுடைய தானியங்களை உமி நீக்க மண் திரிகை பயன்பட்டது. கல் திரிகையில் இட்டால் அரிசியே நொறுங்கிவிடும். கேழ்வரகு போன்றவற்றை மாவாக்கவும், உளுந்து, துவரை, பயறு ஆகியவற்றை உடைக்கவும் கல் திரிகை ஏற்றது. இந்த வேறுபாட்டை அறியாமல் கருவி வாங்கினால் பொருளும் வீண், தானியமும் வீண்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறை. கல் திரிகையில் அடிக்கல்லின் நடுவே முளை இருக்கும். மேற்கல்லின் நடுவே தானியம் இடும் குழி இருக்கும். விளிம்பில் கைப்பிடி பொருத்தப்பட்டிருக்கும். கல்லைத் தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். ஒலி மழுங்கினால் உள்ளே விரிசல் இருக்கக்கூடும். மணல் உதிரும் மென்கல் ஆகாது, கருங்கல்லே நன்று. முளை ஆடாமல் இறுகியிருக்க வேண்டும். மேற்கல்லின் எடையை, கடைக்காரர் சுழற்றிக் காட்டுவதைக் கொண்டு முடிவு செய்யாமல், இல்லத்தில் அதைச் சுழற்றப் போகிறவரே சுற்றிப் பார்த்துத் தேர்தல் வேண்டும். அவர் அதைத் தூக்கி இறக்கவும் இயல வேண்டும். தூக்க முடியாத கல்லின் அடியில் என்ன இருக்கிறது என்பதை எவரும் பார்க்கமாட்டார்.

மேசை விளிம்பில் திருகால் இறுக்கிக் கைப்பிடியைச் சுழற்றும் வார்ப்பிரும்பு இயந்திரங்களும் கிடைக்கின்றன. தரையில் அமர இயலாத முதியோர்க்கு இவை உதவும். அரைக்கும் தட்டுகள் முழுவதும் கழற்றக்கூடியனவா என்று முதலில் பார்க்க வேண்டும். தூரிகை நுழையாத இடுக்கில் தங்கும் மாவே பூச்சிகளுக்குப் பிறப்பிடம். தானியம் இல்லாமல் வெறுமனே சுற்றினால் தட்டுகள் உரசி இரும்புத்துகள் உதிரும். எள், நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துகள் கல்லின் கொத்துகளை அடைத்துவிடும். அவற்றுக்கு இரும்புத் தட்டு ஏற்றது. காப்பிக் கொட்டை அரைக்கும் கைக்கருவியில் தானியம் இடுவதைத் தவிர்க்க வேண்டும். மணமும் எண்ணெய்ப் பசையும் மாவில் ஏறிவிடும்.

புதிதாக வாங்கிய கல்லில் தவிடோ மட்டத் தானியமோ இட்டு மூன்று நான்கு முறை அரைத்து, வந்ததை உரக்குழியில் சேர்த்துவிட வேண்டும். பின்னர் அரைத்த மாவில் சிறிதளவு எடுத்து நீரில் கரைத்துத் தெளியவிட்டால், கல்துகள் இருப்பின் அடியில் தங்கிக் காட்டிக்கொடுக்கும். அது அறவே நின்ற பிறகே அம்மாவை உண்ணலாம். நாளடைவில் கல் வழுவழுப்பாகி, தானியம் மாவாகாமல் நசுங்கத் தொடங்கினால் கல் கொத்துபவரை அழைக்க வேண்டும்.

அரைக்கும் முறை வருமாறு. பகல் வெளிச்சத்தில் தானியத்தை முறத்தில் புடைத்து, கல்லும் பதரும் பொறுக்க வேண்டும். வண்டோ அந்தோ கண்ட தானியத்தை அரைத்தலாகாது. அவ்வுயிர்களைச் சிறிது தானியத்தோடு ஈரமும் வெயிலும் படாத நிழலில் சேர்த்துவிடலாம். மேற்கல்லை மெல்லத் தூக்கி, இரு கல்லையும் முளையடியையும் மென்தூரிகையால் துடைக்க வேண்டும். பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் முனிவர் காக்கும் ஆதான நிட்சேபண சமிதிக்கு இல்லறத்தார் பயிலும் சிறு பாடம் இது. பிறகு சிறு கைப்பிடியாக இட்டு, சீராகச் சுழற்ற வேண்டும். பயறு உடைக்கும்போது முளையைச் சுற்றித் துணி வளையம் இட்டால் கற்களுக்கிடையே இடைவெளி உண்டாகும். அரைத்ததைச் சலித்து, தங்கிய கப்பியை மீண்டும் இட வேண்டும். முடிந்ததும் மாவு சிறிதும் தங்காமல் கூட்டியெடுத்து, உலர்ந்த துணியால் மூடிவைக்க வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு இரண்டு மூன்று நாளைக்குப் போதுமான அளவே ஒரு முறைக்குத் தக்கது.

தானியத்தில் பூச்சி வந்தபின் நீக்குவதினும் வராமற் காப்பதே மேலான அறம். நன்றாகக் காய வைத்து, சூடு ஆறிய பின் கலத்தில் நிரப்புதல், வேப்பிலையும் வசம்பும் இடுதல், துவரைக்குச் செம்மண் கட்டுதல் முதலிய நாட்டு முறைகள் இதற்கென அமைந்தவை.

இந்நாட்டில் கைத்திரிகையை வேறொரு நோக்கில் போற்றியவர்களும் உண்டு. 1934-ஆம் ஆண்டு இறுதியில் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கினார். வார்தாவில் அதை நடத்தியவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கையால் அரைத்த மாவும் கைக்குத்தல் அரிசியும் ஊட்டம் மிகுந்தவை, ஊருக்கு வேலை தருபவை என்று அச்சங்கம் பரப்பியது.

எனினும் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. பழைய நாளில் திரிகை சுற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதுவும் பொழுது விடியுமுன், அகல்விளக்கின் மங்கலில். கல்லின் ஓசையே ஊருக்கு விடியலை அறிவித்தது என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. அந்த இருளில் தானியத்தோடு விழுந்த உயிர்களையும், சுற்றியவரின் தோள்வலியையும் அப்பெருமை கணக்கில் கொள்ளவில்லை. கொல்லிமலையில் சாமை போன்ற சிறுதானியங்கள் உணவிலிருந்து குறைந்ததற்கு, அவற்றைக் குத்திப் புடைக்கும் உழைப்பும் ஒரு காரணமாயிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறு அரவை இயந்திரங்களை நிறுவிப் பெண்களின் சுமையைக் குறைத்தது. அது அறத்திற்கு மாறான செயலன்று, அறத்தின் பாற்பட்டதே.

அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று அதிபார ஆரோபணம், அதாவது அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் இதனைக் குற்றமாகக் கூறுகிறது. வண்டிமாட்டுக்கு மட்டும் இதனைப் பொருத்தி, வீட்டு மருமகளை மறந்துவிடுதல் நூலின் கருத்தாகாது. சிற்றுயிர் ஒன்று சாகாமல் இருக்க, ஐம்பொறியும் மனமும் உடைய ஒருவரை நாள்தோறும் வருத்துவது எவ்வாறு விரதமாகும்? திரிகை வாங்கும் இல்லத்தில் கைப்பிடியை ஆடவரும் பற்ற வேண்டும். மாணவப் பிள்ளைகளும் முறை வைத்துச் சுற்ற வேண்டும். அதற்கு மனமில்லாத வீட்டில் திரிகை வாங்காமல் இருத்தலே நன்று.

இயலாதவர்க்கும் வழியுண்டு. வீட்டில் வைக்கும் சிறு மின் அரவை இயந்திரத்தைத் திறந்து துடைத்து, ஆராய்ந்த தானியத்தைப் பகலில் இட்டு, வரையறுத்த நாளுக்கு மட்டும் அரைத்துக்கொள்ளலாம். கடை மாவு மில்லில் முன்னவர் அரைத்த மாவு தங்கியிருக்கும். முதலில் வரும் சிறிது மாவைத் தனியே ஒதுக்கலாம். அட்டமி, சதுர்த்தசி ஆகிய பருவ நாள்களுக்கும் முனிவர் ஆகாரத்திற்கும் மட்டுமேனும் கையால் அரைப்பது என்று ஒரு குடும்பம் உறுதி கொள்ளலாம். விரதம் சிறிதாயினும் வழுவாது நிற்பதே சிறப்பு.

ஆகவே, எந்தக் கருவி முன்னே இருப்பினும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. உள்ளே செல்வது என்ன என்று பார்க்கப்பட்டதா? அதைச் சுற்றும் பாரம் பகிர்ந்துகொள்ளப்பட்டதா? இரண்டுக்கும் ஆம் என்று விடை கூறும் அடுக்களையில் வெந்த அடை எளியதாயினும், அதைப் பாத்திர தானமாக ஈயவும் தகும். மனநிறைவோடு உண்ணவும் தகும்.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!